தலைமாட்டில் ஓர் இடம்

புளிக்கத்தொட்டியில் வீடு,
ஈட்டித்தானம்,
6 ஜூலை 1987

அன்புள்ள தம்பி அவிராச்சனுக்கு,

ஈசோவுக்குத் துதி. இங்கே நான் சுகம். தோகாவில் நீயும் லிசியம்மாவும் ஜிபுமோனும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, குழந்தையை வெளியே விடாதே.

வல்லியப்பச்சனை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. நீ டிரங்க் காலில் பேசியது பாதி காதில் விழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ வருவாய் என்று டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஐஸில் வைத்திருந்தோம். தாத்தாவை உனக்குத் தெரியாதா? தொண்ணூற்றேழு வயதுவரை ஒரு நாள்கூடப் பச்சைத் தண்ணீரில் குளிக்காத மனிதர். வெந்நீர் கொஞ்சம் ஆறிப்போனாலும் "எடீ ரோசே, என்னக் கொல்லவா பாக்குற?" என்று ஊரைக் கூட்டுவார். அவரைப் போய் ஐஸில் கிடத்தியிருக்கிறார்களே என்று எனக்கு ஆறவில்லை. நாலாம் நாள் கோயிலிலிருந்து பங்கு அச்சன் வந்து, "போதும் ரோசக்குட்டி, வர்றவங்க வந்தாச்சு" என்றார். நீ வரவில்லை. லீவு கிடைக்காவிட்டால் நீ என்ன செய்வாய்.

பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று எடுத்த படத்தை ஸ்டூடியோ தங்கச்சன் நேற்றுத்தான் கொடுத்தான். உனக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நிதானமாகப் பார்.

உன் சேச்சி,
ரோசக்குட்டி


தோகா,
2 ஆகஸ்ட் 1987

பாசமுள்ள சேச்சிக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் மூவரும் நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துபோனால் எழுதுங்கள், ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

படம் கிடைத்தது. வல்லியப்பச்சன் தூங்குவதுபோலவே இருக்கிறார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று லிசியம்மாவுக்கு ஒவ்வொருவராகக் காட்டினேன். எல்லாரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை. மூத்த பேரன் இல்லாமல் ஒரு படம்!

இன்னொரு விஷயம். நம் குடும்பச் சங்கத்தார், அதுதான் குடும்பயோகத்தார், அடுத்த ஜூனில், வல்லியப்பச்சனுடைய முதலாம் ஆண்டு நினைவுக்கு, குடும்பச் சரித்திரப் புத்தகம் வெளியிடுகிறார்களாம். அதில் அவருக்கு ஒரு முழுப் பக்கம். என்னை எழுதச் சொல்லி, யோகத்துக் கமிட்டியில் இருக்கிற நம் ஜோஸ் கடிதம் போட்டிருக்கிறான். பக்கத்தின் மேலே இந்தப் படம்தான் வரும். இருநூறு வீட்டுக்குப் போகிற புத்தகம். நான் இல்லாததைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

தலைமாட்டில், ஜோஸுக்கும் வர்க்கிப் பாப்பனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. தங்கச்சனிடம் சொன்னால் என்னை அங்கே ஒட்டி, ஒட்டியது தெரியாமல் மறுபடி படம் பிடித்துத் தந்துவிடுவான். முளங்குழிக்காரர்கள் வீட்டில் அப்படித்தான் குவைத் மகனைச் சேர்த்தார்கள். என் போட்டோ ஒன்று இதனுடன் இருக்கிறது. வல்லியப்பச்சனைப் பற்றி உங்களுக்கு நினைவில் உள்ளதையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அவிராச்சன்


ஈட்டித்தானம்,
9 செப்டம்பர் 1987

அன்புள்ள அவிராச்சனுக்கு,

இறைவன் உங்களைக் காக்கட்டும். எனக்கு முட்டுவலி இல்லை. அது அம்மாவுக்கு இருந்தது. எனக்குத் தோள்பட்டையில்தான் வலி.

உன் போட்டோவைப் பார்த்தேன். கோட்டு, டை, கையில் கூல்டிரிங்க். பல் தெரியச் சிரிக்கிறாய். சாவு வீட்டில் இந்தக் கோலத்தில் நின்றால் வல்லியப்பச்சன் பெட்டியிலிருந்து எழுந்து வந்து அடிப்பார். வேறு அனுப்பு.

நினைவில் உள்ளதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அவரைப் பார்க்க யார் வந்தாலும் அவர் முதலில் சொல்வது, "மூணு நாளா இவ எனக்கு ஒண்ணும் தரல" என்பதுதான். மீன் குழம்பு அப்போதும் மீசையில் இருக்கும். கடுத்துருத்தி மரியாம்ம அத்தை அதை நம்பி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுநாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். அதையும் சாப்பிட்டார்! சீட்டாடினால் ஏமாற்றுவார், பிடித்துவிட்டால் நெஞ்சு வலிக்கிறது என்பார். சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற கடைசிப் பூசுதலைப் பங்கு அச்சன் அவருக்குக் கொடுத்ததே நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் காய்வதற்குள் எழுந்து உட்கார்ந்து, "மாட்டு ஈரல் இருக்கா?" என்று கேட்டார். நாலாவது தடவை அச்சனே, "உலகன்னான் சேட்டா, அடுத்த தடவ நிச்சயமா இருந்தா மட்டும் ஆளனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இதை எழுது. இது அவர்.

படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இன்னொரு தடவை பார். உன்னைத் தவிர இன்னொருவரும் இல்லை. யார் என்று கண்டுபிடித்துச் சொல்.

உன் சேச்சி,
ரோசக்குட்டி


தோகா,
20 அக்டோபர் 1987

பாசமுள்ள சேச்சிக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். தோள்வலிக்கு அதே தைலம் போடலாம் என்று லிசியம்மா சொல்கிறாள்.

நீங்கள் சொன்னபடி படத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு நானும் லிசியம்மாவும் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பார்த்தோம். நீங்கள் சொல்வது மரியாம்ம அத்தையின் மருமகனைத்தானே? அவனுக்கும் அத்தைக்கும் சண்டை என்று கேள்விப்பட்டேன். இல்லையென்றால் பால் கறக்க வருகிற குட்டப்பன். பாவம், அவனையும் சேர்த்து நிற்க வைத்திருக்கலாம். லிசியம்மா சொல்கிறாள், நம் நாய் கைசரைத்தான் காணோமாம். அவள் எப்போதும் தமாஷ்.

நீங்கள் எழுதியதை வாசித்துச் சிரித்தோம். ஆனால் சேச்சி, இதையெல்லாம் புத்தகத்தில் போட முடியுமா? பிஷப் முன்னுரை எழுதுகிறார். மாட்டு ஈரல் எல்லாம் வரக்கூடாது. நான் ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: 'மலைக்காட்டைத் திருத்திப் பொன் விளையச் செய்த கர்மயோகி. நாவில் எப்போதும் ஜெபம். நோயைச் சிலுவையாக ஏற்று, ஒரு முனகலும் இன்றி, அனைவரையும் ஆசீர்வதித்துக் கண்மூடினார்.' எப்படி இருக்கிறது?

வெள்ளைச் சட்டையில், சிரிக்காமல் எடுத்த போட்டோ வைத்திருக்கிறேன். தங்கச்சனிடம் சீக்கிரம் கொடுங்கள்.

அன்புடன்,
அவிராச்சன்


ஈட்டித்தானம்,
24 நவம்பர் 1987

அவிராச்சனுக்கு,

சுகம்தான்.

குட்டப்பன்வரைக்கும் உனக்கு நினைவு வந்திருக்கிறது. நாய்வரைக்கும் வந்திருக்கிறது. சந்தோஷம்.

முனகலும் இன்றி! அவர் முனகல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். நானே மூன்று தடவை பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், ஒலிபெருக்கி எதுவும் வைக்கவில்லை, எங்கள் வீட்டுக் கிழவர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரையும் அவர் ஆசீர்வதிக்கவும் இல்லை. கடைசியாகச் சொன்னது, "கஞ்சியில உப்பு பத்தல." நான் உப்புப் போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

அவிராச்சா, நீ எழுதியிருக்கிற அந்தப் புண்ணியவான் யார்? அவரை நான் பார்த்ததே இல்லை. நான் குளிப்பாட்டியதும், முதுகைத் திருப்பிப் போட்டுப் பவுடர் போட்டதும், கோபத்தில் ஒரு நாள் சோற்றுத் தட்டைப் பிடுங்கியதும், பிறகு போய் ஊட்டியதும் வேறு யாரையோ. எனக்கு வரன் வந்தபோதெல்லாம் இந்த வீட்டில் ஒரே பேச்சுதான். "வல்லியப்பச்சன் காலம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." அப்பா அதைச் சொன்னார். அப்பா காலம் முடிந்தது. அம்மா சொன்னாள். அம்மா காலமும் முடிந்தது. அவர் மட்டும் கஞ்சிக்கு உப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் இல்லாத இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை.

தங்கச்சன் கடைக்குப் போகவில்லை. மழை.

ரோசக்குட்டி


தோகா,
3 ஜனவரி 1988

பாசமுள்ள சேச்சிக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் நலம். ஜிபு பள்ளியில் மேய்ப்பனாக வேஷம் போட்டான்.

உங்கள் கடிதம் என்னைச் சங்கடப்படுத்தியது. நீங்கள் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாதா? நான் மட்டும் இங்கே சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்? ஒரு சின்னக் காரியம் சொன்னேன், ஐந்து மாதமாகிறது. மழை என்கிறீர்கள். ஜோஸ் எழுதுகிறான், அங்கே கார்த்திகையிலிருந்து ஒரு துளி இல்லையாம். அச்சகத்தில் பக்கம் கேட்கிறார்கள். உங்களுக்கு என் மேல் என்ன கோபம்? இருந்தால் நேராகச் சொல்லுங்கள். விடுகதை போடுகிற வயதா நமக்கு?

அன்புடன்,
அவிராச்சன்


ஈட்டித்தானம்,
25 ஜனவரி 1988

அன்புள்ள அவிராச்சனுக்கு,

உங்கள் மூவருக்கும் இறைவன் நல்ல வருஷத்தைத் தரட்டும். ஜிபுமோன் மேய்ப்பன் வேஷத்தில் இருக்கும் படம் இருந்தால் அனுப்பு.

நேராகச் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். படத்தில் நான் இல்லை.

பிறகு பார்க்கலாம் என்று வைக்காதே, இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

அன்றைக்குக் காலையில்தான் மழை விட்டிருந்தது. முற்றத்தில் இரண்டு பெஞ்சு போட்டுப் பெட்டியை வைத்தார்கள். முகம் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று தலைப்பக்கத்தைத் தூக்கி, அடியில் செங்கல் வைத்தார்கள். பாசி பிடித்த செங்கல், வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி விழுந்தது. தங்கச்சன் கத்தினான்: "தல சரியுது! யாராச்சும் பின்னால உக்காந்து தாங்குங்கப்பா!" எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆண்கள் கஞ்சி போட்ட வேட்டியில் இருந்தார்கள், பெண்கள் இஸ்திரி போட்ட சேலையில். அப்போது நம் வர்க்கிப் பாப்பன், வல்லியப்பச்சனுடைய சொந்தத் தம்பி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ரோசக்குட்டியக் கூப்பிடுங்க. அவளுக்குத்தான் அவரத் தூக்கிப் பழக்கம்."

நானும் வெள்ளைச் சேலைதான் உடுத்தியிருந்தேன். நிற்பதற்கு அந்த இடத்தைத்தான் பார்த்து வைத்திருந்தேன், ஜோஸுக்கும் பாப்பனுக்கும் நடுவில். நீ உனக்குக் கேட்கிறாயே, அதே இடம். நான் நிற்பதற்காக விட்டிருந்ததால்தான் அது காலியாக இருக்கிறது.

ஈரத்தில் உட்கார்ந்து தோளைக் கொடுத்தேன். "சேச்சி, உங்க தல தெரியுது, இன்னும் கொஞ்சம் குனிங்க" என்றான் தங்கச்சன். குனிந்தேன். "இன்னும்." குனிந்தேன். ஒன்று சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று மூன்று படம் எடுத்தான். கடைசி நாட்களில் அவரை நான் ஒரு கையால் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன், அத்தனை மெலிந்திருந்தார். பெட்டியோடு சேர்ந்து அன்றைக்குத்தான் கனத்தார். அங்கே அடியில் இருந்தபோதுதான் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை. படம் முடிந்ததும் பெட்டியை நாலு பேர் எடுத்தார்கள். நான் எழுந்து நின்றபோது எல்லாரும் வண்டிக்குப் போயிருந்தார்கள். நான் படத்தில் நிற்கவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஏழு மாதமாகக் கேட்கவில்லை. நீயாவது கேட்பாய் என்றுதான் காத்திருந்தேன்.

பெட்டியின் விளிம்பில், அவர் தலைக்குப் பக்கத்தில் நாலு விரல் தெரியும். அது என்னுடையது.

உன்னை ஒட்டுவதற்கு நான் தடை சொல்லவில்லை. உன்னோடு என்னையும் ஒட்டச் சொல். என்னிடம் இருப்பது பழைய ரேஷன் கார்டுப் படம்தான், பரவாயில்லை. அது முடியாதென்றால், படத்துக்குக் கீழே எல்லார் பெயரும் போடுகிறீர்களே, அதில் விரல்கள் ரோசக்குட்டியுடையவை என்று ஒரு வரி போடு. வேறொன்றும் வேண்டாம். பக்கத்தில் நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், கர்மயோகி என்றே எழுது, நான் வாயைத் திறக்க மாட்டேன். இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ரோசக்குட்டி


ஈட்டித்தானம்,
15 மார்ச் 1988

அவிராச்சனுக்கு,

எல்லாரும் சுகம்தானே? பதில் வரவில்லை. கடிதம் கிடைத்ததா என்று மட்டுமாவது ஒரு வரி எழுது.

ரோசக்குட்டி


தோகா,
28 ஏப்ரல் 1988

பாசமுள்ள சேச்சிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள், கம்பெனியில் ஆடிட் நடந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்து லிசியம்மா அழுதேவிட்டாள். எனக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நேரம் குறைவாக இருந்ததால் ஜோஸ் மூலமாக நேராகத் தங்கச்சனிடமே பேசினோம். இரண்டு பேரை ஒட்டினால் ஒட்டியது தெரிந்துவிடும், ஒருவர் என்றால் சுத்தமாக வரும் என்றான். அச்சகத்தில் அவசரப்பட்டார்கள், அதனால் என்னை மட்டும் சேர்த்தாயிற்று. ஜோஸ் பிரதி அனுப்பியிருந்தான். தலைமாட்டில் கைகூப்பி நிற்கிறேன், அங்கேயே இருந்த மாதிரி இருக்கிறது.

விரல் விஷயம். கமிட்டியில் எல்லாரும் அது யாருடைய விரல் என்று கேட்டார்களாம். ஆள் இல்லாமல் விரல் மட்டும் தெரிவது பிசாசு பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். விளக்கம் எழுதினால் இன்னும் விகாரமாகும். அதனால் தங்கச்சன் அதை அழித்துவிட்டான். கோபப்படாதீர்கள். பக்கத்தின் கடைசியில் 'குடும்பத்தார் அனைவரும் கண்ணின் இமைபோல் காத்தனர்' என்று நானே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதில் நீங்களும் அடக்கம்.

இனி முக்கியமான விஷயம். வர்க்கிப் பாப்பன் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன்கள் இருவரும் பம்பாயில். இனி எழுந்து நடக்க மாட்டாராம். ஆனால் இதயம் வாலிபனுடைய இதயம் என்று டாக்டர் சொன்னாராம், எண்பத்தொன்பது வயதில்! நம் குடும்பத்தில் ஆயுசு கெட்டி. குடும்பயோகத்தில் பேசி, ஆண்டு முடிந்ததும் அவரை நம் வீட்டுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். வல்லியப்பச்சனுடைய கட்டில் அங்கே சும்மாதானே கிடக்கிறது. "ரோசக்குட்டியோட கை மாதிரி வருமா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆண்டுக்கு வர முயற்சி செய்கிறேன். லீவு உறுதியாகவில்லை.

அன்புடன்,
அவிராச்சன்


ஈட்டித்தானம்,
20 ஜூன் 1988

அவிராச்சனுக்கு,

நீயும் லிசியம்மாவும் ஜிபுமோனும் நலமாக இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றமில்லை.

ஆண்டு நல்லபடியாக முடிந்தது. கல்லறையில் ஒப்பீஸ் ஜெபம், பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. பிஷப் வந்தார். மாட்டு ஈரல் நான் வைத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முதலில் தீர்ந்ததும் அதுதான். புத்தகத்தை இருநூறு வீட்டுக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நீ வரவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை, படத்தில்தான் இருக்கிறாயே.

சாப்பாடு முடிந்ததும் ஜோஸ் வந்து, "நாளைக்கு ஜீப்புல பாப்பனக் கொண்டு வந்துர்றோம், கட்டிலத் தட்டி வச்சிருங்க சேச்சி" என்றான். என்னைக் கேட்கவில்லை, சொன்னான். நான் அவனிடம் கட்டிலைக் குட்டப்பனுக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். அவன் சிரித்தான், தமாஷ் என்று நினைத்தான். மறுநாள் ஜீப்பு வந்தபோது உண்மையாகவே கட்டில் இல்லை. பாப்பன் ஜீப்பில் படுத்தபடியே, "எடீ ரோசே, என்னத் தூக்கி உள்ள கொண்டு போடி" என்றார். அதே குரல் அவிராச்சா. நம் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே குரல். என் கால் ஓரடி முன்னால் போய்விட்டது, மறைக்க மாட்டேன். பிறகு நின்றேன். "முடியாது பாப்பனே" என்றேன். நாற்பத்து மூன்று வயதில் இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை அன்றைக்குத்தான் வந்தது. ஜீப்பு வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. ஊர் என்னைப் பேசுகிறது. பேசட்டும்.

அவருக்கு ஒரு குறையும் வராது. பம்பாயில் இரண்டு மகன்கள், இங்கே ஒரு கமிட்டி. எனக்கும் நம் குடும்பத்து ஆயுசுதானே? அப்படியானால் இன்னும் பாதிக்குமேல் பாக்கி இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் தோள்வலியைக் காட்டப் போகிறேன்.

என் கை மாதிரி வராது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தக் கையை நீங்கள்தான் அழித்துவிட்டீர்கள். அது இருந்த இடத்தில் இப்போது உன் கை இருக்கிறது, அழகாகக் கூப்பியபடி. லீவு கிடைக்கும்போது அதைக் கொண்டுவந்து பாப்பனைத் தூக்கு.

இப்படிக்கு,
புளிக்கத்தொட்டியில் உலகன்னானுடைய பேத்தி,
ரோசக்குட்டி